கல்வெட்டுக்குத் திதி வெண்பா எழுத உதவி வேணும்

வணக்கம். எங்கட பெரியப்பா, ஓய்வுபெற்ற தபாலதிபர், 84 வயதில் காலமாகிவிட்டார். அந்தியேட்டிக் கிரியை கீரிமலையில். 31ஆம் நாளுக்கு முன் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அச்சாக வேணும்.

அதில போட, இறந்த திதியைச் சொல்லுற திதி வெண்பா எழுதக்கூடியவை ஆராவது இருக்கிறீங்களா? நேரிசை வெண்பா: நாலடி, இரண்டாம் அடியில் தனிச்சொல், ஈற்றடி முச்சீர். விசுவாவசு வருடம், ஐப்பசி, அபரபக்கம் (தேய்பிறை). சிக்கல் திதியில்தான். உயிர் பிரிந்தது திதி மாறுகிற வேளை. வாக்கிய பஞ்சாங்கத்தில் நவமி, திருக்கணிதத்தில் தசமி. இது பிழையானால் ஆட்டைத் திவசமும் (முதலாண்டு நினைவுச் சடங்கு) பிழையான நாளில்தான் வரும். குடும்பம் வழமையாகப் பார்க்கிற பஞ்சாங்கத்தையே எடுப்பதுதான் முறை என்று நினைக்கிறம். சரிதானே?

கல்வெட்டில வாற வம்சாவளியை மூத்தவை ஒருக்கால் வாசித்துப் பார்க்க வேணும். மருமக்கள் பெயர் விடுபட்டால் மனவருத்தம் நெடுநாள் நிற்கும்.

நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம், அதனால் பக்கங்கள் 4இன் மடங்காக வர வேணும்: 32. வெளிநாட்டிலிருந்து படம் அனுப்புறவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ற்றாக அனுப்புங்கோ, இல்லாட்டி தெளிவு குறைந்துவிடும். அவரோட வேலை செய்தவை நாலு வரி எழுதித் தந்தால் பெரிய உதவி.

யுனிகோட்டைப் பாமினி எழுத்துருவுக்கு மாற்றி, எழுத்துப்பிழை பார்க்கத் தெரிஞ்சவையும் அறியத் தாருங்கோ.