‘தாக்குப்பிடித்தல்’ போதுமா? முதிய ராக் கலைஞர்களின் மேடைக்குச் சில கலைச்சொற்கள்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். முதுமையிலும் மேடையேறும் ராக் கலைஞர்களைப் பற்றித் தமிழில் பேச எந்தச் சொற்களைக் கையாள்வது என்ற இந்த இழையில் ‘மேடைத் தாங்குதிறன்’, ‘முதுநிலை நிகழ்த்துதிறன்’, ‘மேடைத் திடம்’ என மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. மூன்றும் பிழையின்றி அமைந்த சொற்களே. ஆனால் மூன்றும் ‘இவர் இன்னும் எவ்வளவு தாங்குகிறார்?’ என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கின்றன. ரசிகர்களிடையே இந்த வாதம் முடிவில்லாமல் சுற்றி வருவதற்கு அந்த ஒற்றைக் கேள்வியே காரணம் என்று நான் கருதுகிறேன். ஆகவே இன்னொரு கேள்விக்கும் இடம் தரும் ஒரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

பீட்டில்ஸ் குழுவின் பாடகர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னி 2022 ஜூன் 25 அன்று இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் பாடியபோது அவருக்கு 80 வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நடந்த அந்த நிகழ்ச்சியைக் கேட்ட ஒருவர் ‘குரல் போய்விட்டது’ என்கிறார். மற்றவர் ‘இன்னும் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் பாருங்கள்’ என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் குரல்வளையைப் பற்றியும் இரண்டாமவர் உடலுரத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆனால் மெக்கார்ட்னி தம் பாடல்களில் பெரும்பாலானவற்றை இளமையில் பதிவுசெய்த அதே சுருதியிலேயே பாடிவருகிறார் என்பதும், அது அவரே செய்துகொண்ட தேர்வு என்பதும் இரண்டு கூற்றுகளிலும் இடம்பெறவில்லை. அந்தத் தேர்வைக் குறிக்க நம்மிடம் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அதைப் பற்றி யாரும் வாதிடுவதும் இல்லை.

முதலில் உடலைப் பற்றிய சொற்களைத் தீர்த்துக்கொள்வோம். வயது ஏற ஏறக் குரல்நாண்களின் தசை மெலிந்து, அவற்றின் மீள்தன்மை குறைகிறது. பாடும்போது இரண்டும் நடுவில் முழுமையாகச் சேராததால் காற்று கசிந்து ஒலி கரகரக்கிறது. குரல்வளையின் குருத்தெலும்புகள் மெல்ல எலும்பாக இறுகுகின்றன. மார்புக்கூடும் விறைத்துவிடுவதால் ஒரே மூச்சில் பாடக்கூடிய அடியின் நீளம் சுருங்குகிறது. இந்த நிலைக்கு ‘முதுகுரல்’ என்ற சொல் முன்மொழியப்பட்டது. எனக்கு அதில் இரண்டு தயக்கங்கள் உண்டு. முதுமொழி, முதுகலை போன்ற சொற்களில் ‘முது’ என்பது மதிப்பைச் சேர்த்துத் தருகிறதே தவிரத் தேய்வைக் குறிப்பதில்லை. மேலும் எழுத்தில் பார்க்கும்போது கண் ‘முதுகு’ என்று பிரித்து நின்றுவிடுகிறது. ‘குரல்மூப்பு’ என்றால் இந்தச் சிக்கல்கள் இல்லை. செவிமூப்பு, தோல்மூப்பு என்று இணைச்சொற்களையும் அமைத்துக்கொள்ளலாம். வயதால் வரும் பார்வைக் குறைவுக்கு ‘வெள்ளெழுத்து’ என்று நம் முன்னோர் வைத்த பெயருக்கு இணையான அழகு இதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் குரல்மூப்பை நான் உடனே கைவிடுவேன்.

குரல்மூப்பையும் குரற்காயத்தையும் கண்டிப்பாகப் பிரித்து வைக்க வேண்டும், ஏனெனில் ரசிகர்கள் பெரும்பாலும் குழப்புவது இங்கேதான். ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலர் 2023 செப்டம்பரில் மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது குரல்வளையில் முறிவு ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் அக்குழு ஊர் ஊராகச் சென்று பாடும் இசைச்சுற்றுகளிலிருந்து ஓய்வு பெற்றது. அவருக்கு வயது 70ஐத் தாண்டியிருந்தாலும் அவரை நிறுத்தியது காயம்தான். பாடகர் எல்டன் ஜானுக்கு 1987இல் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபோது 40 வயதுகூட நிறையவில்லை. அதன்பின் அவருடைய குரல் கனத்து இறங்கியது, பழைய பதிவுகளில் கள்ளத்தொண்டையில் (இயல்புக் குரலுக்கு மேலே எழும் மெல்லிய குரலில்) பாடிய உச்சிகளை மேடையில் விட்டுவிட்டு வேறு வழியில் மெட்டைக் கொண்டுசென்றார். இந்த மாற்றத்தை முதுமையின் கணக்கில் எழுதுவது தவறு.

உச்சிச் சுரங்கள் எட்டாமல் போவதற்கு ‘வலிவிழப்பு’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். பழந்தமிழ் இசையில் மேல், நடு, கீழ் ஸ்தாயிகளுக்கு வலிவு, சமன், மெலிவு என்று பெயர் இருந்ததை நினைவூட்டியதற்காக அவருக்கு நன்றி கூற வேண்டும். ஆயினும் இன்றைய வாசகர் ‘வலிவு’ என்பதை உடல்வலிமை என்றே படிப்பார். ‘அவர் வலிவிழந்தார்’ என்று எழுதினால் நோயுற்றார் என்றுதான் பொருள்கொள்வார். வருத்தத்துடன் அதை ஒதுக்கிவிட்டு ‘மேற்சுர இழப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சுருதியைக் குறைப்பது. இதற்கு ‘கட்டை இறக்கம்’ என்று சிலரும் ‘சுருதி இறக்கம்’ என்று சிலரும் எழுதியுள்ளனர். ‘கட்டை’ நம் பாடகர்களின் நாவில் புழங்கும் உயிருள்ள சொல்லாதலால் எனக்கும் அதன்மேல் பற்று உண்டு. ஆனால் கட்டை என்பது ஆர்மோனியத்தின் ஓர் இடத்தைக் குறிக்கிறது; இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள தொலைவை அது சீராக அளப்பதில்லை. ஒன்றாம் கட்டைக்கும் இரண்டாம் கட்டைக்கும் இடையில் இரண்டு அரைச்சுரங்கள் உண்டு. மூன்றாம் கட்டைக்கும் நான்காம் கட்டைக்கும் இடையில் ஒன்றே ஒன்று. எனவே ‘ஒரு கட்டை இறக்கினார்’ என்பது எங்கிருந்து இறக்கினார் என்பதைப் பொறுத்து வேறுபடும். பேச்சில் அது நிலைக்கட்டும். கலைச்சொல்லாகச் ‘சுருதி இறக்கம்’ என்பதையும், அளவாக ‘அரைச்சுரம்’ என்பதையும் கொள்வதே தெளிவு. ஓர் அரைச்சுரம் இறக்கினால் 440 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டிய சுரம் ஏறத்தாழ 415 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். பெரும்பாலான கேட்போரின் காதுக்கு அது தெரிவதே இல்லை, பாடகரின் தொண்டைக்கோ அது பெரிய விடுதலை. ராக் இசையில் கித்தாரின் எல்லாத் தந்திகளையும் சேர்த்தே தளர்த்திவிடுவார்கள். அப்போதுதான் வாசிப்பவர் விரல் வைக்கும் இடங்களும், விரல் வைக்காமல் மீட்டும் தந்திகளின் முழக்கமும் பழையபடி இருக்கும். தளர்ந்த தந்தியை வளைப்பதும் எளிது என்பதால், பாடகருக்காகச் செய்த இறக்கம் முதிய கித்தார் கலைஞரின் விரல்களுக்கும் உதவுகிறது.

இந்தச் சொல்லில் வயதின் சாயல் ஏறக்கூடாது என்பதையும் வலியுறுத்துகிறேன். பிளாக் சபாத் குழுவின் கித்தார் கலைஞர் டோனி ஐயோமி 17ஆம் வயதில் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்தவர். 1971இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பிலேயே, இளைஞராக இருந்தபோதே, மூன்று அரைச்சுரங்கள் இறக்கி வாசித்தார், அந்தக் கனத்த ஒலியே பின்னர் ஓர் இசைவகையின் அடையாளமாயிற்று. 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் லெட் செப்பலின் குழு மீண்டும் கூடியபோது, அதன் பாடகரான 59 வயது ராபர்ட் பிளான்டுக்காகச் சில பாடல்கள் தாழ்ந்த சுருதியில் இசைக்கப்பட்டன. இரண்டும் சுருதி இறக்கமே, காரணம்தான் வேறு. காரணத்தைச் சொல்ல நமக்கு வேறொரு சொல் வேண்டும்.

அந்தச் சொல்லாக ‘வயதிசைவு’ என்பதை முன்மொழிகிறேன். ஒரு கலைஞர் தம் உடலும் குரலும் இன்று எந்த நிலையில் உள்ளன என்பதை ஏற்று, அதற்குப் பொருந்துமாறு சுருதியையோ மெட்டையோ காலப்பிரமாணத்தையோ (பாடும் வேகத்தையோ) பாடல் தேர்வையோ மாற்றி அமைத்துக்கொள்வது வயதிசைவு. இசைவு என்றால் பொருத்தம், உடன்பாடு. அதனுள் இசையும் இருக்கிறது. ‘வயதிசைவான நிகழ்ச்சி’, ‘வயதிசைவற்ற தேர்வு’ என்று அடைமொழியாகவும் வரும். கலைச்சொல்லை அறியாதவருக்கு ‘வயதுக்கு இசைந்து பாடினார்’ என்று விரித்துச் சொன்னாலே விளங்கிவிடும். ஒரு சொல் புழக்கத்துக்கு வருமா என்பதை அறிய அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. ‘வயது’ வடமொழி மூலத்தது என்பதால் ‘அகவையிசைவு’ என்று மாற்றலாமே எனக் கேட்கக்கூடும். தமிழ் பேசும் எவர் வாயிலும் இயல்பாக வரும் சொல்லை விட்டுவிட்டு நாவில் தடுக்கும் சொல்லை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘மூப்பிசைவு’ என்பதை ஏற்க முடியும், ஆனால் ஐம்பது வயதில் சுருதி இறக்கும் பாடகருக்கு மூப்பு என்ற சொல் கடுமையாகப் படும்.

‘தாக்குப்பிடித்தல்’ என்ற சொல்லை ஒழிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு 2019 ஏப்ரலில் இதய வால்வு சிகிச்சை நடந்தது. ஜூன் மாதமே சிகாகோ மேடையில் ஓடியாடிப் பாடினார். அப்போது அவருக்கு 75 வயது. அதற்குத் தாக்குப்பிடித்தல் என்பதே சரியான பெயர், ஏனெனில் அங்கே அளவுகோல் இளமைதான். அவரும் அந்த அளவுகோலை விரும்பியே ஏற்றிருக்கிறார். ஆனால் அதே அளவுகோலை அமெரிக்கப் பாடகர் பாப் டிலனிடம் கொண்டுபோனால் ஒன்றும் பிடிபடாது. 1988 ஜூன் முதல், பெருந்தொற்றுக் கால இடைவெளி தவிர, ஆண்டுதோறும் மேடையேறிவரும் அவர், பாடல் பாதி கடந்த பிறகே இன்ன பாடல் என்று கேட்போர் அறியும் அளவுக்குத் தம் பழைய பாடல்களை மாற்றிவிடுகிறார். கித்தாரைவிடப் பியானோவின் முன்னேதான் அதிகம் அமர்கிறார். இளமையிலும் அவர் பாடல்களை மாற்றியவர்தான் என்பதால் எல்லா மாற்றத்தையும் வயதிசைவு என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் குறுகிய எல்லைக்குள் பேச்சுக்கு அருகில் நின்று பாடும் அவருடைய இன்றைய முறை, இருக்கும் குரலை முழுமையாகப் பயன்படுத்துகிறது. என் மதிப்பில் இதுவே வயதிசைவின் உயர்ந்த வடிவம். எட்டாத சுரத்தை நோக்கிக் கத்துவதைக் காட்டிலும், எட்டும் சுரத்தில் பாடலின் பொருளைத் திறந்து காட்டுவது கேட்பவருக்கு அதிகம் தருகிறது.

பாடலையே விட்டுவிடுவதும் வயதிசைவில் சேரும். டீப் பர்ப்பிள் குழுவின் இயன் கில்லன் உச்சத்தில் கதறிப் பாட வேண்டிய ‘சைல்ட் இன் டைம்’ பாடலை 2002க்குப் பிறகு மேடையில் பாடுவதில்லை. ரசிகர்கள் எவ்வளவு கேட்டும் அவர் மாறவில்லை. இதற்குப் ‘பாடல் விலக்கு’ என்று பெயர் வைக்கலாம்.

நோயால் வரும் மாற்றங்களை இதில் சேர்க்கலாமா என்பதில்தான் நான் நெடுநேரம் நின்றேன். ஜெனிசிஸ் குழுவின் இறுதிச் சுற்றில் ஃபில் காலின்ஸ் நாற்காலியில் அமர்ந்தபடி பாட, ஒருகாலத்தில் அவர் வாசித்த டிரம்ஸை மகன் நிக் வாசித்தார்; 2022 மார்ச் 26 அன்று லண்டனில் அது நிறைவுற்றது. பார்க்கின்சன் நோயுற்றிருந்த பிளாக் சபாத் பாடகர் ஆசி ஆஸ்பார்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் அரங்கில் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்து பாடி விடைபெற்றார். 17 நாட்களில் காலமானார். இவற்றை வயதிசைவு என்று அழைத்தால், நோயுற்ற உடலும் முதிர்ந்த உடலும் ஒன்று என்று சொன்னதாகிவிடும். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன என்றாலும் நோய் இளையவருக்கும் வரும். ஆகவே அமர்ந்து பாடுதல், வேறொருவர் பகிர்ந்து வாசித்தல் போன்றவற்றுக்கு ‘மேடைத் துணையேற்பு’ என்ற பொதுச்சொல்லை வைத்து, காரணம் வயது என்று தெரிந்தால் மட்டும் வயதிசைவின் கீழ் கொண்டுவரலாம் என்பது என் கருத்து.

முன்பே பதிவுசெய்த ஒலியை மேடையில் ஓடவிடுவதற்குப் ‘பின்னணித் தடம்’ என்ற முன்மொழிவு வந்தது. தமிழில் ‘பின்னணிப் பாடகர்’ என்றால் திரைப்படத்துக்குக் குரல் தருபவர் என்ற பொருள் ஊன்றிவிட்டதால் குழப்பம் நேரும். இசைக்கருவிகளும் கூட்டுக்குரல்களும் பதிவிலிருந்து வந்தால் ‘துணைத்தடம்’ என்றும், முதன்மைப் பாடகரின் குரலே பதிவிலிருந்து வந்தால் ‘பதிலிக்குரல்’ என்றும் இரண்டாகப் பிரிக்கலாம். ரசிகர்களின் கோபம் எப்போதும் இரண்டாவதன் மேல்தான், அது நியாயமானதும்கூட. துணைத்தடம் வயதிசைவுக்கு உதவக்கூடும்; ஆனால் பதிலிக்குரல் வயதை மறைக்கிறது, அதனோடு இசைவதில்லை. நான் முதலில் குறிப்பிட்ட அதே கிளாஸ்டன்பரி மேடையில் மெக்கார்ட்னி, மறைந்த பீட்டில்ஸ் தோழர் ஜான் லெனனின் பழைய படக்காட்சியிலிருந்து பிரித்தெடுத்த குரலுடன் சேர்ந்து பாடினார். பதிவான குரல் என்று அனைவரும் அறிந்தே கேட்டார்கள், யாரும் ஏமாற்றப்படவில்லை. எனவே பதிலிக்குரலின் விளக்கத்தில் ‘கேட்போர் அறியாதபடி’ என்ற தொடர் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஓய்வை அறிவித்து நடத்தும் கடைசி இசைச்சுற்றுக்கு வந்த ‘விடைபெறு சுற்று’ என்ற சொல்லில் எனக்கு மாறுபாடு இல்லை, அப்படியே ஏற்கலாம்.

தீராமல் நிற்பது தாள வாசிப்பாளர்களுக்கான சொற்கள். ரஷ் குழுவின் நீல் பியர்ட் உடல்வலியின் காரணமாக 2015இல் சுற்றுகளிலிருந்து விலகினார். தம் தரத்தில் வாசிக்க முடியாத நிலையில் தொடர அவர் விரும்பவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸோ ஜாஸ் மரபிலிருந்து வந்த இலகுவான கைவாகுடன் 2019இல் 78 வயதிலும் முழுச் சுற்றையும் வாசித்தார். விசையைக் குறைத்தும் தாள நடையைக் காப்பதற்கு ஒரு பெயரும், விசை குறைந்ததால் நடையே தளர்வதற்கு இன்னொரு பெயரும் தேவை. பின்னதற்கு ‘நடைத்தளர்வு’ என்று எழுதிப் பார்த்தேன். கால்நடையின் தளர்வு என்று பொருள் மாறிவிடுகிறது. டிரம்ஸ் அல்லது மிருதங்கம் வாசிக்கும் நண்பர்கள், பயிற்சியின்போது இந்த இரண்டையும் தம்முள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று எழுதினால், அந்தச் சொல்லிலிருந்தே கலைச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.