சோக்கை எடுத்தால் வண்டி ஆஃப் ஆகிறது, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணமா?

தேவனாம்பட்டினம் பையன்:
வணக்கம். அப்பாவின் 2008 மாடல் 125 சிசி, கார்புரேட்டர் வண்டி. மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் வாசலிலேயே நின்றது, மேலே தார்ப்பாய்தான், கடல் காற்று வேறு. இப்போது சோக் போட்டு உதைத்தால் கிளம்புகிறது, எடுத்த உடனே ஆஃப். பாதி சோக்கிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். லிட்டருக்கு 55 கொடுத்த வண்டி 45க்கு வந்துவிட்டது. மெக்கானிக் "எத்தனால் பெட்ரோல் தம்பி, ஒன்றும் பண்ண முடியாது" என்று கையை விரித்துவிட்டார். புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை போய் பெட்ரோல் போட்டேன், அப்படியேதான்.

முதுநகர் ஸ்பேனர்:
முள்ளோடையில் விலைதான் குறைவு, பெட்ரோல் அங்கேயும் அதே இ20தான் தம்பி. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு எரிசக்திதான், அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் ஆறேழு சதவீதம் அடி வாங்கும், 55 என்றால் 51, 52. மிச்சம் நீங்கள் பாதி சோக்கில் ஓட்டுவதால் போவது.

சோக் என்பது காற்றைக் குறைப்பது, அதைப் போட்டால்தான் ஓடுகிறது என்றாலே காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். எஃப்ஐ (ஃப்யூல் இன்ஜெக்ஷன்) வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, பெட்ரோல் விடும் ஜெட்டில் எவ்வளவு ஓட்டையோ அவ்வளவுதான். ஆனால் அதற்காக மட்டும் வண்டி நிற்காது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் உட்காரும். இன்ஜினுக்கு முதலில் போவது அதுதான். இன்ஜின் ஆறியதும் கார்புரேட்டர் அடியில் உள்ள ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து, கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது.

நெல்லிக்குப்பத்துக்காரன்:
எத்தனால் எடுக்கும் எங்கள் ஊர் கரும்பின் மேல் பழி போடும் முன், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் இன்லெட் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அதில் காற்று புகுந்தாலும் இதே கதைதான்.

தேவனாம்பட்டினம் பையன்:
அண்ணா, பாட்டிலில் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கலாகத் தனியாக நின்றது! டேங்கைக் கழற்றி மொத்தமும் காலி செய்தோம். மூடி ரப்பர் காய்ந்து பிளந்திருந்தது, தார்ப்பாய் ஒழுகிய தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். ஐடிலிங்கில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் பச்சையாகப் பாசி மாதிரி அடைப்பு. இன்லெட் ரப்பர் நன்றாக இருக்கிறது. இப்போது சோக் இல்லாமலே நிற்காமல் ஓடுகிறது, 50 கொடுக்கிறது, ஆனால் திடீரென்று முறுக்கினால் லேசாகத் திணறுகிறது.

முதுநகர் ஸ்பேனர்:
அந்தப் பச்சை, பித்தளை அரித்தது. பெட்ரோல் கூடும்படி மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்புங்கள், ஏர் ஸ்க்ரூ என்றால் உள்ளே, ஃப்யூல் ஸ்க்ரூ என்றால் வெளியே. அடுத்த மழைக்கு நிறுத்தும் முன் கார்புரேட்டரை வடித்துவிடுங்கள்.