1966 ஃபோர்டு மஸ்டாங் கார் சூடானா ஸ்டார்ட் ஆகல, ஐடியா சொல்லுங்க

மக்களே, டெட்ராய்ட் பக்கம் இருக்கேன், 1998ல வாங்குன வண்டி, 289 வி8, ரெண்டு பேரல் கார்புரேட்டர். காலைல ஒரே கிராங்க்ல புடிச்சுக்குது, ஆனா வெயில்ல ஓட்டிட்டு கடைல பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்தா செல்ஃப் மட்டும் சுத்துது, அரை மணி நேரம் ஆறவிட்டா ஒன்னுமே நடக்காத மாதிரி கிளம்புது. ஃப்யூல் பம்ப் போன வருஷம்தான் மாத்தினேன். இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகுதுல்ல, அதனால வேப்பர் லாக்கா (சூட்டுல பெட்ரோல் லைன்லயே ஆவியாகி இன்ஜினுக்குப் போகாம நிக்கிறது), இல்ல ஸ்பார்க்குக்கு கரண்ட் குடுக்குற காயில் சூடாகி ஸ்பார்க் போகுதா, எப்படி கண்டுபிடிக்கிறது? கார்புரேட்டருக்கு அடியில, இன்ஜின் சூடு மேல ஏறாம தடுக்குற ஸ்பேசர் போட்டவங்க யாராவது இருக்கீங்களா? ஃப்யூல் இன்ஜெக்ஷனுக்கு மாத்திடுங்கன்னாரு மெக்கானிக், மனசு வரல. வித்துடுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரிலேந்து கூட்டிட்டு வந்ததே இதுலதான், ஊர்லேந்து வந்த அம்மா வச்ச சந்தனம் டேஷ்போர்டு வெடிப்புக்குள்ள இன்னும் காஞ்சு கிடக்கு, யாரையும் தொடைக்க விட்டதில்ல.