துறவி அங்கியில் ஓர் ஆளுநர்: இசபெல்லாவின் படங்கள் பக்தியா, அரசியலா?

வைகைக்கரை:
மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் ரூபென்ஸின் ஒரு பலகை ஓவியம் இருக்கிறது, ‘நற்கருணையின் காவலர்கள்’. (நற்கருணை என்பது கத்தோலிக்கர் கிறிஸ்துவின் உடலாக வணங்கும் அப்பம்.) ஏழு புனிதர்கள் நிற்கிறார்கள். அகுஸ்தினார், அம்புரோசியார், கிரகோரியார், தாமஸ் அக்குவினாஸ், நார்பர்ட், ஜெரோம் என்று ஆறு பேர் ஆண்கள். நடுவில் ஒரே பெண், புனித கிளாரா. நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரம் அவர் கையில்தான் இருக்கிறது. முகம் மட்டும் கிளாராவுடையது இல்லை. அப்போது பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்பானிய நெதர்லாந்தை (பெரும்பாலும் இன்றைய பெல்ஜியம்) நிர்வகித்துக்கொண்டிருந்த இசபெல்லா கிளாரா யூஜெனியாவின் முகம்.

இவர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் மகள். கணவர் ஆல்பர்ட்டோடு சேர்ந்து அந்த நாட்டுக்கு அரசியாக இருந்தவர். 1621-ல் ஆல்பர்ட் இறந்தார், பிள்ளைகள் இல்லை. ஒப்பந்தப்படி நாடு ஸ்பெயினுக்கே திரும்பியது; அரசியாக இருந்தவர் அண்ணன் மகன்... மன்னிக்கவும், தம்பி மகன் நான்காம் பிலிப்பின் ஆளுநர் ஆனார். அதே ஆண்டில்தான் பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையின், அதாவது மடத்துக்கு வெளியே வாழ்பவர்களுக்கான கிளையின், அங்கியைப் போட்டுக்கொண்டார். ஆனால் மடத்துக்குப் போகவில்லை. அரண்மனையிலேயே இருந்து போர், வரி, தூது எல்லாவற்றையும் பார்த்தார். 1625-ல் டச்சுக்காரர்களிடமிருந்து பிரேடா நகரம் பிடிபட்ட கையோடு ஆண்ட்வெர்ப் வந்தபோது, இதே அங்கியில்தான் ரூபென்ஸ் அவரை வரைந்தார். அது செதுக்கு அச்சாகவும் பரவியது. போரில் ஜெயித்த ஆளுநரின் படத்தில் வாள் இல்லை, கிரீடம் இல்லை. பதவி இறக்கத்தை இவ்வளவு சாமர்த்தியமாகக் கையாண்ட இன்னொரு படம் அந்த நூற்றாண்டில் எனக்குத் தெரியாது.

இரும்புவேலி:
இதில் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது? விதவையான ஹாப்ஸ்பர்க் (ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட குடும்பம்) பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட உடை அது. மறுமணம், மடம், இல்லையென்றால் மடத்தின் சாயலில் ஒரு வாழ்க்கை. மூன்றாவதை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதிகாரம் அங்கியிலிருந்து வரவில்லை, இரண்டாம் பிலிப்பின் மகள் என்பதிலிருந்து வந்தது. பிரேடாவைப் பிடித்தது ஸ்பானியத் தளபதி ஸ்பினோலாவின் படை. பணம் மாட்ரிட்டிலிருந்து வந்தது. படத்தைப் பார்த்து யாரும் கோட்டைக் கதவைத் திறந்துவிடவில்லை.

தறிச்சத்தம்:
இரண்டு பேரும் அந்தப் பலகையையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அது நெசவாளர்களுக்கான மாதிரி ஓவியம் மட்டும்தான். உண்மையான வேலை தறியில் நடந்தது. இருபது சித்திரத் திரைச்சீலைகள், பிரஸ்ஸல்ஸில் யான் ரேஸ் முதலிய நெசவுப் பட்டறைகளில் நெய்தவை. அங்கே பின்பக்கம் பார்த்து நெய்வதால் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். அதனால் ரூபென்ஸ் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் மாற்றி வரைந்து கொடுத்தார். மாதிரியில் இடமிருந்து வலமாகப் போகும் ஊர்வலம் சீலையில் எதிர்த்திசையில் போகும்.

இன்னொரு வேடிக்கை: சீலைக்குள்ளேயே சீலை. முறுக்குத் தூண்களுக்கு நடுவே குட்டி வானதூதர்கள் ஒரு திரையை மாட்டிக்கொண்டிருப்பதுபோல் வரைந்து, அந்தத் திரைக்குள் காட்சி நடக்கும். செலவு சுமார் ஒரு லட்சம் ஃபுளோரின் என்று சொல்வார்கள். 1627-ல் ஸ்பானிய அரசு கடன்காரர்களுக்குக் கையை விரித்தது. 1628-ல் இந்தச் சீலைகள் மாட்ரிட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கூலி பாக்கிக்காகப் படைவீரர்கள் கலகம் செய்து பழகிய நாடு அது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வைகைக்கரை:
எங்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் முக்கியம். மாட்ரிட்டின் டெஸ்கால்சாஸ் ரியாலெஸ், கிளாரா சபை மடம். அதை நிறுவியவர் ஹுவானா, இசபெல்லாவின் அத்தை. 1554 முதல் 1559 வரை, அண்ணன் பிலிப் வெளிநாட்டில் இருந்தபோது, ஸ்பெயினை ஆண்டவர். இயேசு சபைக்குள் இரகசியமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். கடிதங்களில் அவருக்கு ‘மத்தேயோ சான்செஸ்’ என்று ஆண் பெயர். அவருடைய அக்கா, பேரரசி மரியா, விதவையான பின் அதே வளாகத்தில் தங்கி, 1603-ல் சாகும்வரை வியன்னாவில் ஆண்ட ஹாப்ஸ்பர்க் கிளையின் காரியங்களுக்காக மாட்ரிட்டில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். மரியாவின் மகள் மார்கரீத்தா அங்கேயே கன்னியர்.

ஆக அது வெறும் மடம் இல்லை. மன்னர்கள் வந்துபோகும் இடம், தூதர்கள் பேட்டிக்குக் காத்திருக்கும் இடம். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் இசபெல்லா தன் முகத்தை அந்தச் சுவருக்கு அனுப்பிவைக்கிறார். பெரிய வெள்ளியன்றும் கிறிஸ்துவின் திருவுடல் திருநாளை ஒட்டியும் அவை தொங்கும்போது மாட்ரிட் அரசவை பார்க்கும். நேரில் வர முடியாத ஆளுநருக்கு இதைவிட நல்ல தூது வேண்டுமா?

கிளாராவின் கதையையும் நினைத்துப் பாருங்கள். அசிசியில் மடத்தைத் தாக்க வந்த படையை நற்கருணையைக் காட்டித் திருப்பி அனுப்பியவர் என்பது மரபு. புராட்டஸ்டண்ட் டச்சுக்காரர்களோடு போர் நடத்தும் பெண் அந்தப் புனிதரைத் தேர்ந்தெடுப்பது தற்செயலா?

இரும்புவேலி:
கிளாரா அவருடைய ஞானஸ்நானப் பெயரிலேயே இருக்கிறது, சீலைகள் போன மடமும் கிளாரா சபை மடம். வேறு யாரைத் தேர்ந்தெடுப்பார்? அதே தொகுப்புக்கான இன்னொரு மாதிரியில், ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தோடு சேர்ந்து மண்டியிட்டு நிற்கிறார். அங்கே அவர் கூட்டத்தில் ஒருவர். அதை யாரும் பேசுவதில்லை.

பழையஏடு:
ஒப்பிட ஆள் இருக்கிறதே, ஏன் விட்டுவிட்டீர்கள்? அதே ரூபென்ஸ், அதே ஆண்டுகள், பாரிஸில் பிரெஞ்சு மன்னரின் தாய் மரி த மெதிசி. 1622-ல் ஒப்பந்தம், லக்சம்பர்க் அரண்மனைக்கு இருபத்துநான்கு படங்கள். பிறந்த நாளிலிருந்து ஒலிம்பஸ் தேவர்கள் சூழ நிற்கிறார். ஒரு படத்தில் தலைக்கவசம், காலடியில் ஆயுதங்கள், போர்த் தெய்வம் போல. 1631-ல் மகனோடும் அவருடைய முதன்மை அமைச்சர் ரிஷ்லியூவோடும் மோதித் தோற்று, பிரான்சை விட்டே ஓடினார். அடைக்கலம் கேட்டுப் போன இடம் எது தெரியுமா? இசபெல்லாவின் பிரஸ்ஸல்ஸ். கவசம் போட்டவர் கொலோனில் அந்நியராகச் செத்தார். அங்கி போட்டவர் 1633-ல் பதவியிலேயே செத்தார்.

இரும்புவேலி:
மரி தோற்றது ரிஷ்லியூவிடம், ஓவியத்தால் இல்லை. இசபெல்லாவை எதிர்க்க பிரஸ்ஸல்ஸில் வளர்ந்த மகன் யாரும் இல்லை. இரண்டு பேரை வைத்து விதி எழுதாதீர்கள்.

வைகைக்கரை:
விதி வேண்டாம், ஒரு சம்பவம் போதும். இங்கிலாந்தோடு சமாதானப் பேச்சுக்கு இசபெல்லா ரூபென்ஸையே பயன்படுத்தினார். 1627-ல் நான்காம் பிலிப் கடிதம் எழுதிக் கடிந்துகொண்டார்: இவ்வளவு பெரிய காரியத்தில் ஓர் ஓவியனை நுழைப்பது நம் மதிப்புக்குக் கேடு என்று. இசபெல்லா என்ன செய்தார்? ஆங்கிலேயர் தரப்பில் பேசும் கெர்பியேவும் ஓவியர்தானே என்று பதில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மறு வருடமே ரூபென்ஸ் மாட்ரிட்டுக்குப் போனார். 1629-ல் அதே பிலிப்தான் அவரை லண்டனுக்கு அனுப்பினார், 1630-ல் ஒப்பந்தம் வந்தது. இது அனுமதிக்கப்பட்ட வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருக்கும் விதவையின் நடையா?

இரும்புவேலி:
அவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி வேறு. அவருக்குப் பின் 1634-ல் வந்த ஆளுநர் யார்? பிலிப்பின் தம்பி ஃபெர்டினாண்ட். சின்ன வயதிலேயே கர்தினால் ஆக்கப்பட்டவர். சட்டப்படி திருச்சபையின் இளவரசர். அவரை ரூபென்ஸ் எப்படி வரைந்தார்? அவர் ஜெயித்த நோர்ட்லிங்கன் போர்க்களத்தில், குதிரை மேல். உண்மையான கர்தினால் செவ்வங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தளபதியாக நிற்கலாம். மடத்தில் ஒருநாளும் கன்னியராக வார்த்தைப்பாடு கொடுக்காத பெண், நாட்டை நடத்த பன்னிரண்டு வருடம் அங்கியோடு நிற்கவேண்டும். இதைச் சாமர்த்தியம் என்று கொண்டாடுவதற்கு முன்னால் யார் யாரிடம் என்ன விலை கேட்டார்கள் என்று பாருங்கள்.

தறிச்சத்தம்:
இது சரியான அடி. வைகைக்கரை பதில் சொல்லட்டும்.

வைகைக்கரை:
விலை கேட்டார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஃபெர்டினாண்ட் 1635-ல் ஆண்ட்வெர்ப்புக்குள் நுழைந்தபோது ஊர் முழுக்க வைத்த அலங்கார மேடைகளை வடிவமைத்ததும் ரூபென்ஸ்தான். அவற்றில் ஒன்று செத்துப்போன இசபெல்லாவுக்கு. அதே அங்கியில் மேகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். கீழே பிலிப், தம்பியை நெதர்லாந்துக்கு அனுப்பிவைக்கிறார். அவரைத் துறவி அங்கியில் பார்த்துப் பழகிய ஊரில், புதுத் தளபதிக்கு வரவேற்பு சொல்லக்கூட அந்த உருவம் தேவைப்பட்டிருக்கிறது.

இரும்புவேலி:
செத்தபின் மேகத்தில் நாற்காலி போடுவது எளிது. 1632-ல் அவர் கூட்டிய நாட்டு மன்றம் டச்சுக்காரர்களோடு பேசப்போனதே, அதை மாட்ரிட் எவ்வளவு தூரம் நடக்கவிட்டது? படங்களை விட்டுவிட்டு அதைப் பேசலாம் என்றால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.