ஏசி 19 இருந்தும் கோப்ளின் என்னைத் தாண்டிப் போயிடுது: முன்வரிசை ஃபைட்டரை எப்படிக் கட்டறது?

பிரிக்ஃபீல்ட்ஸ்_பகடை:
வணக்கம். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரமா ஆடற மேசை விளையாட்டு), ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். லெவல் 1ல தொடங்கி 8 வரைக்கும் போற ஆட்டம். விசார்டு, ரோக், கிளெரிக், ரேஞ்சர் எல்லாம் ஆள் எடுத்தாச்சு, முன்னாடி நிக்க நான்தான் மிச்சம். ஸ்டாண்டர்டு அரே (ஆறு திறனுக்குப் பங்கிடற எண்கள்: 15, 14, 13, 12, 10, 8), ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறமை) எடுக்கலாம்.

இப்போதைக்கு மலை டுவார்ஃப் ஃபைட்டர். செயின் மெயில் 16, கேடயம் 2, டிஃபென்ஸ் ஸ்டைல் 1, ஆக ஏசி (ஆர்மர் கிளாஸ், என்னை அடிக்க எதிரி தொடவேண்டிய எண்) 19. சோதனை ஆட்டத்துல என்மேல ஒரு அடியும் விழல, ஆனா ரெண்டு கோப்ளின் என்னைச் சுத்திப் போயி விசார்டைச் சாய்ச்சிருச்சு. பார்பேரியனா மாத்தணுமா? லெவல் 4ல எந்த ஃபீட்?

தஞ்சோங்_திரை:
ஏசியில குறை ஒண்ணும் இல்ல. கோப்ளின் அடி +4. 19ஐத் தொட இருபது முகப் பகடையில 15 விழணும், 30 சதவீதம்தான். உங்களை அடிச்சு லாபமில்லன்னு தெரிஞ்ச டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) எதுக்கு உங்க பக்கம் அனுப்பப் போறார்? அடி தாங்கறது பாதி வேலை, தாண்ட விடாம நிறுத்தறது மீதி.

இந்த விதியை நிறைய மேசையில தப்பா ஆடறாங்க. பக்கத்துக் கட்டத்துல ஒருத்தன் நடந்தாலே ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போறவனை அவன் டர்ன்லயே, உங்க ரியாக்‌ஷனைச் செலவழிச்சு அடிக்கற அடி) கிடையாது. உங்க கைக்கு எட்டற இடத்தை விட்டு அவன் வெளிய போகும்போதுதான் கிடைக்கும். மாமாக் கடை மேசையில பத்து சென் காசு மூணு வச்சுப் பாருங்க. விசார்டு உங்க முதுகுப்பக்கம் ஒட்டி நின்னா, கோப்ளின் உங்க தோளை உரசிக்கிட்டே வந்து, உங்க எட்டை விட்டு வெளிய போகாமலே அவரைக் குத்திரும். நடுவுல ஒரு கட்டம் விட்டாலும் மூலைவாட்டமா நின்னு குத்தும். ரெண்டு காலிக் கட்டம் விட்டு, 15 அடி பின்னாடி அவரை நிறுத்துங்க. அப்பத்தான் எதிரி உங்க எட்டை விட்டே ஆகணும்.

ஆனா கோப்ளினுக்கு மட்டும் அதுவும் போதாது. அதுக்குப் போனஸ் ஆக்‌ஷன்லயே டிஸ்எங்கேஜ் (அந்த அடியை வாங்காம விலகற செயல்) இருக்கு, 15 அடி என்ன, 50 அடி வச்சாலும் அடி வாங்காம நழுவும். அதனாலதான் லெவல் 4ல சென்டினல் ஃபீட். டிஸ்எங்கேஜ் பண்ணினவனையும் அடிக்கலாம், அடி பட்டா அந்த டர்னுக்கு அவன் வேகம் 0. உங்க பக்கத்துல நின்னுகிட்டு வேற ஆளை அடிச்சாலும் ரியாக்‌ஷன்ல ஒரு அடி உண்டு. பட்டாத்தான் நிப்பான்ங்கறதை மறந்துடாதீங்க: ஸ்ட்ரெங்த் 17ன்னா லெவல் 4ல உங்க அடி +5, கோப்ளின் ஏசி 15, 55 சதவீதம்.

அதுவரைக்கும் இடத்தை நம்புங்க. பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீட்டு முன்னாடி இருக்கற அஞ்சடி நடைபாதை தெரியும்ல? பேரளவுல அதுதான் ஆட்டத்துல ஒரு கட்டம். அந்த அகலத்துல நீங்க குறுக்க நின்னா கோப்ளினால ஊடே புக முடியாது. எதிரியோட கட்டத்தைக் கடக்க உடம்பளவு ரெண்டு படியாவது வித்தியாசப்படணும், உங்களுக்கும் அதுக்கும் ஒரே படிதான். வாசல்ல நின்னுகிட்டு டாட்ஜ் (எதிரியை ரெண்டு பகடை உருட்டிக் குறைஞ்சதை எடுக்க வைக்கற தற்காப்பு) போடுங்க. ஓகர் அடி +6, ஏசி 19க்கு 40 சதவீதம். டாட்ஜ் போட்டா 16. டாட்ஜ் உங்க ஆக்‌ஷனைத்தான் தின்னும், ரியாக்‌ஷன் கையிலயே இருக்கும்.

ரியாக்‌ஷன் ரவுண்டுக்கு ஒண்ணுதான். டிஃபென்ஸை விட்டுட்டு ப்ரொடெக்‌ஷன் ஸ்டைலுக்கு மாறிடாதீங்க, அதுவும் சென்டினலும் ஒரே ரியாக்‌ஷனுக்கு அடிச்சுக்கும்.

செந்தூல்_கிளெரிக்:
பார்பேரியன் கேள்வியை யாரும் தொடல, நான் கணக்குப் போடறேன். கான் (கான்ஸ்டிட்யூஷன், உடல் உறுதி) 16ன்னு வச்சுக்கிட்டா லெவல் 5ல ஃபைட்டருக்கு எச்பி (உயிர்ப் புள்ளி) 49, பார்பேரியனுக்கு 55. வித்தியாசம் ஆறே ஆறு. ஆனா ரேஜ்ல (பார்பேரியனோட வெறி நிலை) ஆயுத அடியெல்லாம் பாதி, அப்ப 55ங்கறது 110 மாதிரி. லெவல் 3ல கரடி டோட்டம் எடுத்தா சைக்கிக் தவிர எல்லாமே பாதி. கேட்கவே நல்லாத்தான் இருக்கு. மூணாவதுலேருந்து அஞ்சாவது லெவல் வரைக்கும் நாளுக்கு மூணு ரேஜ்தான். ஒரு டர்ன்ல யாரையும் அடிக்காம, அடியும் வாங்காம இருந்தா ரேஜ் அணைஞ்சு போகும். ஹெவி ஆர்மர் போட்டா பலனே இல்ல. உங்க டிஎம் நாளைக்கு ரெண்டு மூணு சண்டைதான் வைப்பார்னா பார்பேரியன் தாராளமா எடுங்க. அஞ்சாறு சண்டைன்னா ஃபைட்டர்: செகண்ட் விண்ட் (தானே எச்பி மீட்கறது) லெவல் 5ல 1டி10+5 (ஒரு பத்து முகப் பகடையோட 5), ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்கும் திரும்ப வரும்.

இனி யாரும் கவனிக்காத ஓட்டை: விஸ்டம் சேவ் (மந்திரத்தைத் தாக்குப்பிடிக்க உருட்டற பகடை). ஃபைட்டருக்குத் தேர்ச்சி இருக்கறது ஸ்ட்ரெங்த், கான் சேவ்ல மட்டும். எதிரி மந்திரவாதி ஹோல்ட் பர்சன் போட்டா நீங்க சிலை. பக்கத்துல நின்னு அடிக்கறவனுக்கு அட்வான்டேஜ் (ரெண்டு பகடையில பெரிசை எடுக்கறது), பட்ட ஒவ்வொரு அடியும் கிரிட் (சேதப் பகடை ரெட்டிப்பு). பிளேட் போட்டு ஏசி 21 வச்சிருந்தாலும் பாதி வீண்.

அரேயை இப்படி வைங்க: ஸ்ட்ரெங்த் 15, கான் 14, விஸ்டம் 13, டெக்ஸ் 12, கரிஸ்மா 10, இன்ட் 8. மலை டுவார்ஃபோட +2, +2 சேர்ந்து ஸ்ட்ரெங்த் 17, கான் 16. லெவல் 4ல சென்டினல், 6ல ரெசிலியன்ட் விஸ்டம், 8ல ஹெவி ஆர்மர் மாஸ்டர். அந்த 13ம் 17ம் ஒற்றைப்படையா நிக்கறது வேணும்னேதான்: ரெண்டு ஃபீட்டும் கூடவே +1 தருது, 14, 18ன்னு முழுசா ஏறிடும். லெவல் 6ல விஸ்டம் சேவ் +1லேருந்து +5. டிசி (சேவ்ல தொடவேண்டிய எண்) 15க்கு 35 சதவீதம் 55 ஆகும்.

ஹெவி ஆர்மர் மாஸ்டரை லெவல் 4லயே எடுக்கணும்னு சொல்றவங்களும் இருக்காங்க, நியாயம் இல்லாம இல்ல. மந்திரம் ஏறாத ஆயுத அடியில மூணு கழியும். கோப்ளின் அடியோட சராசரிச் சேதம் 5லேருந்து 2 ஆகும், ஓகரோட 13 வெறும் 10தான் ஆகும். சீக்கிரம் எடுத்தாத்தான் ருசி. ஆனா உங்க மேசையில சாகறது நீங்க இல்லையே, விசார்டு.

லெவல் 3 சப்கிளாஸ் (ஃபைட்டரோட உட்பிரிவு) கேவலியர் பாருங்க. கைச்சண்டையில பட்டவனுக்குக் குறி வைக்கலாம், ரியாக்‌ஷன் செலவே இல்ல. உங்ககிட்டேருந்து 5 அடிக்குள்ள இருக்கற வரைக்கும் மத்தவங்களை அடிச்சா அவனுக்கு டிஸ்அட்வான்டேஜ்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_பகடை:
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. அப்ப ஃபைட்டர், கேவலியர், சென்டினல். ஒரே ஒரு சந்தேகம்: ஹால்பர்ட் எடுத்தா 10 அடி எட்டுமே, கேடயத்தோட அதையும் பிடிச்சுக்கலாமா?

தஞ்சோங்_திரை:
முடியாது, அது ரெண்டு கை ஆயுதம். கேடயம் போனா ஏசி 17, ஓகருக்கு 40 சதவீதம் 50 ஆகும். இன்னொரு வில்லங்கமும் இருக்கு: எட்டற தூரம் நீண்டா எதிரி சுத்தி வர்ற இடமும் நீளும். 10 அடிக்குள்ள அவன் எங்க நடந்தாலும் உங்களுக்கு அடி இல்ல, விசார்டு 20 அடி தள்ளி நிக்கணும். சென்டினலோட மூணாவது பகுதியும் கேவலியர் குறியும் 5 அடிக்குத்தான் வேலை செய்யும். நீள ஆயுத ஆசை விடலைன்னா ஈட்டி எடுங்க, ஒரு கைக்குப் போதும். 2018 திருத்தத்துல ஈட்டியையும் போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட்ல சேர்த்துட்டாங்க, பக்கத்துல வர்றவனையே குத்தலாம். எட்டற தூரம் அதே 5 அடிதான்.

செந்தூல்_கிளெரிக்:
காசு விஷயம் ஒண்ணு. செயின் மெயில் தொடக்கப் பையிலயே வரும். அப்புறம் 200 தங்கம் சேர்ந்தா ஸ்பிளின்ட் 17, 1500 சேர்ந்தா பிளேட் 18. ரெண்டுக்கும் ஸ்ட்ரெங்த் 15 வேணும், உங்ககிட்ட இருக்கு. அதோட டுவார்ஃபுக்குக் கனத்தால வேகம் குறையாது. ஸ்டெல்த் டிஸ்அட்வான்டேஜ் மூணுலயும் உண்டு, ரோக் வேவு பார்க்கப் போகும்போது கூடப் போகாதீங்க.

ராத்திரிக்கும் ஒரு ஏற்பாடு வேணும். ஹெவி ஆர்மர் மாட்ட 10 நிமிஷம், கேடயம் மாட்ட ஒரு ஆக்‌ஷன். கழட்டிட்டுத் தூங்கறப்ப பதுங்கித் தாக்கினா டிஃபென்ஸ் ஸ்டைலும் வராது, அது ஆர்மர் போட்டிருந்தாத்தான். கேடயத்தைப் பிடிச்சாலும் உங்க ஏசி 13. கவசத்தோட தூங்கினா என்ன தண்டனைன்னு டிஎம்கிட்ட இப்பவே கேட்டு வைங்க, காவல்ல முதல் முறையையோ கடைசி முறையையோ நீங்க வாங்கிக்குங்க.