அயர்லாந்து போனீர்களா? தங்கிய கதையைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். போன ஜூனில் நானும் கணவரும் போனோம். ஏழு நாளில் தீவை ஒரு சுற்று சுற்றிவிடுவதாகத்தான் முதல் திட்டம். தினம் ஒரு ஊர், தினம் பெட்டி கட்டு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, மேற்கே கிளேர் கவுன்ட்டியில் எனிஸ்டைமன் பக்கம் ஒரு 'பி அண்ட் பி' வீட்டில் (படுக்கையும் காலை உணவும் தருகிற வீடு) ஐந்து இரவு தங்கினோம். டப்ளினுக்கு ஒன்றரை நாள்தான். வருத்தமே இல்லை.

அந்த வீட்டைக் கண்டுபிடித்தது தனிக் கதை. கிராமத்துப் பக்கம் பல வீடுகளுக்குக் கதவு எண்ணும் கிடையாது, தெருப்பெயரும் கிடையாது. அதற்காகவே 2015இல் எயர்கோடு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு முகவரிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து ஏழு இடத்தில் தனிக் குறியீடு. அதை முன்னாலேயே கேட்டு வாங்கி போனில் போட்டால் வாசலிலேயே கொண்டுபோய் விடும். நாங்கள் கேட்கவில்லை. ஒரு மாட்டுக் கொட்டகை முன்னால் போய் நின்றோம். அங்கிருந்த பெரியவர் வழி சொல்வதற்கு முன் எந்த ஊர், எத்தனை நாள், அங்கே மழை உண்டா என்று கால் மணி நேரம் விசாரித்தார். வழி அரை நிமிடம்.

வண்டி இடப்பக்கம்தான் போகும் என்பதால் நமக்குச் சிரமமில்லை. ஆனால் பாதை ஒரு வண்டி அகலம்தான், இரண்டு பக்கமும் கல் சுவர். எதிரே வருகிறவர்கள் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். "என்ன, திட்டுகிறானா?" என்றார் கணவர். வணக்கம் சொல்கிறார்கள்! மூன்றாம் நாள் அவரும் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கார அம்மா டீ வேண்டுமா என்றார். மரியாதைக்கு "வேண்டாம், பரவாயில்லை" என்றோம். மறுபடி கேட்டார். மறுபடி வேண்டாம் என்றோம். மூன்றாவது முறை கேட்கவில்லை. டீயும் சோடா பிரெட்டும் வெண்ணெயும் மேசைக்கு வந்துவிட்டன. என் அத்தை வீடு மாதிரியே. அந்த மேசையில்தான் ஊர்க்கதை முழுக்கக் கேட்டோம். யாராவது டீக்குக் கூப்பிட்டால் பிகு பண்ணாமல் உட்காருங்கள்.

பப் என்றதும் தயங்காதீர்கள். நான் குடிப்பதில்லை, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே புகையும் இருக்காது, 2004இலேயே தடை செய்துவிட்டார்கள். கூட வந்தவர் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கினால் அடுத்த சுற்று உங்கள் தலையில். வேண்டாமென்றால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரவு ஒன்பதரைக்கு மேல் மூலை மேசையில் ஃபிடில் (வயலின்தான்), டின் விசில் (தகரக் குழல்), பௌரான் (கையில் பிடித்து அடிக்கும் பறை) என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்து வாசிக்கிறார்கள். டிக்கெட், மேடை, மைக் எதுவும் இல்லை. காலியாக இருந்த ஒரு நாற்காலியில் நான் ஜம்மென்று உட்கார்ந்தேன். அது வாசிக்க வருகிறவருக்கு வைத்த இடமாம். சிரித்துக்கொண்டேதான் எழுப்பினார்கள், ஆனால் எழுப்பினார்கள்.

* * *

கழிப்பறைக் கதவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! சில இடங்களில் ஐரிஷ் மொழியில் மட்டும்தான் எழுதியிருக்கும். 'எம்'மில் தொடங்குவது ஆண்கள் என்று நினைத்து நேராக உள்ளே போனேன். 'ம்னா' என்றால் பெண்கள், 'ஃபிர்' என்றால் ஆண்கள். அதற்கு மேல் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள்.

நான் கார்க் நகரில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். பேச்சில் ஒரு எச்சரிக்கை: ஏதாவது செய்யச் சொல்லி, பதிலுக்கு இழுத்தாற்போல "ஐ வில், யா" என்று வந்தால் செய்ய மாட்டேன் என்று அர்த்தம். ஒரு வாரம் காத்திருந்து தெரிந்துகொண்டேன். பஸ் வரும்போது கை நீட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடும். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது அங்கே எல்லோருக்கும் பழக்கம்.

அப்புறம் விசா. ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். வடக்கே பெல்ஃபாஸ்ட் பக்கம் போனால் எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் கண்ணில் படாது, ஆனால் அது வேறு நாடு, பிரிட்டனைச் சேர்ந்தது. யூரோ போய் பவுண்டு வரும், வேகப் பலகை கிலோமீட்டரில் இருந்து மைலுக்கு மாறும். விசாவும் அதற்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

* * *

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் மைதானத்தில் ஹர்லிங் என்கிற ஐரிஷ் மட்டைப்பந்து ஆட்டம் இருந்தால் விடாதீர்கள். மட்டையைக் கோடாரி மாதிரி சுழற்றுகிறார்கள், பந்து எங்கே போனது என்றே முதல் பாதி முழுக்க எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி விதிகளை விளக்கிக்கொண்டே நடுவரைத் திட்டினார். இந்த விளையாட்டில் யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளின் குரோக் பார்க்கில் 80,000 பேருக்கு முன்னால் இறுதி ஆட்டம் ஆடியவரும் அப்புறம் தன் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்தான். இரண்டு ஊர் ஆட்களும் கலந்தே உட்கார்ந்திருந்தார்கள், சண்டை ஒன்றும் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: காலை உணவில் கறுப்பாக வட்டமாக இருப்பதைத் தொடாதீர்கள், பன்றி ரத்தத்தில் செய்தது. மத்தியானம் காய்கறி சூப்பும் பிரவுன் பிரெட்டும் பல இடங்களில் கிடைக்கும். சூப்பில் ஊற்றிய ஸ்டாக் (கொதிக்கவைத்து எடுத்த சாறு) எதில் செய்தது என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

* * *

குடை கொண்டுபோகலாமா என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: மேற்குக் கரையில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். தலைமூடி வைத்த நல்ல மழைக்கோட்டு போதும். என் குடை லஹிஞ்ச் கடற்கரைக் குப்பைத் தொட்டியில் இருக்கிறது.