டிவியே இல்லாத வீட்டுக்கு லைசன்ஸ் கடிதம்: பதில் போடணுமா?

குரோய்டன்வாசி:
லண்டனில் வாடகை வீடு, டிவி பெட்டி கிடையாது. லேப்டாப்பில் நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும்தான். பிரிட்டனில் டிவி பார்க்கக் கட்டும் லைசன்ஸ் பணத்தை வசூலிக்கும் ‘டிவி லைசன்சிங்’ அமைப்பிடமிருந்து, பெயர் போடாமல் ‘குடியிருப்பவருக்கு’ என்று கடிதம் மாதாமாதம் வருகிறது. ஆள் வந்தால் உள்ளே விட வேண்டுமா?

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
பெட்டி இருக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை தம்பி. எந்தக் கருவியிலும் எந்தச் சேனலையும் நேரலையாகப் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசன்ஸ் வேண்டும். பிபிசியின் இணைய வீடியோ சேவையான ஐபிளேயர் என்றால் பழைய நிகழ்ச்சிக்கும் வேண்டும். 2016 செப்டம்பர் 1 முதல் அப்படி. நம்மவர்கள் மாட்டுவது சன் டிவி, விஜய் டிவியில்தான். சென்னையிலிருந்து வரும் சேனல்தானே என்று ஆப்பில் நேரலையாக ஓடவிடுவார்கள். அதற்கும் லைசன்ஸ் வேண்டும். யூடியூபில் செய்திச் சேனல் நேரலையும் அப்படியே. அதே சீரியலை மறுநாள் எபிசோடாக எடுத்துப் பார்த்தால் வேண்டாம்.

லூட்டன் தமிழ்:
இவை எதுவும் பார்க்கவில்லை என்றால் டிவி லைசன்சிங் இணையதளத்தில் ‘லைசன்ஸ் தேவையில்லை’ என்று பதிந்துவிடுங்கள். பதிந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை, ஆனால் கடிதம் நிற்க அதுதான் சுலபமான வழி. இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். பதிந்த பிறகும் சரிபார்க்க ஆள் வரலாம். உங்கள் அனுமதியோ நீதிமன்ற வாரண்டோ இல்லாமல் அவர் உள்ளே வர முடியாது. வாசலிலேயே ‘வேண்டாம்’ என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். அவர் எழுதி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடக் கட்டாயமில்லை. படிக்காமல் போட்டால் அதுவே பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியம்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
ஒன்று முக்கியம். டிவி லைசன்சிங் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் பரவாயில்லை, நீதிமன்றத் தாளை அப்படி விடாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸில் குற்றச்சாட்டு பெரும்பாலும் தபாலில்தான் வரும். 21 நாளுக்குள் பதில் இல்லையென்றால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அபராதம் 1,000 பவுண்ட் வரை போகும். அப்படி எத்தனையோ பேர் தெரியாமலே குற்றவாளி ஆகிறார்கள், அதுதான் வருத்தம்.

இன்னொன்று: ஏற்கெனவே லைசன்ஸ் கட்டி வருபவர் பேங்கில் டைரக்ட் டெபிட்டை (கணக்கிலிருந்து பணம் தானாகப் போகும் ஏற்பாட்டை) மட்டும் நிறுத்தினால் போதாது. முதலில் லைசன்ஸை ரத்து செய்துவிட்டு, மீதியிருக்கும் முழு மாதங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

குரோய்டன்வாசி:
ஐபிஎல் மட்டும் ஆப்பில் நேரலையாகப் பார்த்தால்?

லூட்டன் தமிழ்:
ஒரே ஒரு மேட்ச் என்றாலும் வேண்டும். ‘தேவையில்லை’ என்று பதிந்திருந்தால், முதல் பந்துக்கு முன்னாலேயே லைசன்ஸ் வாங்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் ஹைலைட்ஸ் போதும் என்றால் தேவையில்லை, ஐபிளேயரில் பார்க்காத வரை.